பஞ்சத்தைக் கண்டவர்கள் படித்த உவமை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"திருச்சபையின் போதனைக்கு வலு சேர்ப்பது ஒரே குரலா, பல குரல்களா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "மேய்ப்பன் ஒருவரே, அவர் குரலும் ஒன்றே, பல குரல் கேட்டால் மந்தை சிதறும்" என்று சொல்லி அமர்ந்தார். மேய்ப்பன் ஒருவர் என்பதில் எங்கள் அணிக்கு மறுப்பே இல்லை. அந்த மேய்ப்பன் கிறிஸ்து. பிரசங்க பீடத்தில் நிற்கிறவரோ, எவ்வளவு படித்தவராக இருந்தாலும், மந்தையில் ஓர் ஆடு. ஆடு தன் குரலையே மேய்ப்பனின் குரலென்று எண்ணிக்கொண்டால் என்ன நடக்கும் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையை எடுத்துக்கொள்வோம். அப்பனிடம் பங்கைப் பிரித்து வாங்கி, தூர தேசம் போய் அழித்து, பட்டினி கிடந்து, வீடு திரும்பிய இளைய மகனின் கதை அது. அவன் ஏன் பட்டினி கிடந்தான்? "அப்பன் சொத்தை அழித்தான், பட்டினி கிடந்தான்" என்றுதான் நானும் பல ஆண்டுகள் வேதபாட வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். மார்க் ஆலன் பவெல் என்ற அமெரிக்க வேத அறிஞர் இந்த உவமையை வைத்து ஒரு சோதனை செய்தார். படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், நினைவிலிருந்து கதையைத் திரும்பச் சொல்ல வேண்டும்; அவ்வளவுதான். அமெரிக்காவில் 100 மாணவர்கள் சொன்னார்கள். சொத்தை அழித்ததை அத்தனை பேரும் சொன்னார்கள். பஞ்சத்தைச் சொன்னவர்கள் 6 பேர். பிறகு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 50 பேரிடம் அதே உவமையைக் கொடுத்தார். 42 பேர் பஞ்சத்தைச் சொன்னார்கள்!

"அந்த தேசத்திலே கொடிய பஞ்சமுண்டாயிற்று." லூக்கா 15-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். அச்சில் இருக்கிறது. எத்தனையோ முறை என் வாயால் வாசித்திருக்கிறேன், ஒருமுறைகூட என் கண்ணில் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 900 நாள் முற்றுகையில் பல லட்சம் பேரைப் பட்டினிக்குப் பறிகொடுத்த ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அந்த ஊர்க்காரர்கள் எப்படி அந்த வசனத்தைத் தாண்டிப் போவார்கள்? தான்சானியாவில் கேட்டபோது, "அவனுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லையே, அதனால்தான்" என்ற பதில் வந்தது. அதுவும் இருக்கிறது, 16-ஆம் வசனத்தில்: "ஒருவனும் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை." ஊதாரித்தனம், பஞ்சம், அந்நியனுக்குக் கைகொடுக்காத ஊர் என மூன்றையும் லூக்கா எழுதிவைத்தார். நாம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, முழு வேதத்தையும் போதித்துவிட்டதாக நம்பினோம்.

இது அறியாமல் நடந்தது. அறிந்தே நடந்ததும் உண்டு. 1807-இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக என்றே பகுதி பகுதியாகப் பொறுக்கியெடுத்தது. யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்படுகிற கதையே அதில் கிடையாது. செங்கடலைக் கடப்பதும் கிடையாது. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய வசனமும் இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது. நண்பர்களே, ஒரே குரலின் போதனை என்றால் இதுதான். மந்தை சிதறவில்லை, உண்மைதான். சங்கிலியில் கட்டிய மந்தை எங்கே சிதறும்?

அமெரிக்க இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் வாசித்துக் காட்டுவான். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐ எப்போதாவது தவிர. அடிமை நாட்களில் எஜமானின் போதகர் பவுலின் பெயரால் "கீழ்ப்படியுங்கள்" என்றே பிரசங்கித்துக்கொண்டிருந்தாராம். எழுத்தறியாத அந்த மூதாட்டியிடம் நம் வேதபாட வகுப்புகள் கற்க எவ்வளவோ இருக்கிறது.

பல குரல்களைக் கேட்டால் கள்ளப்போதகம் நுழைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆதிச்சபை அதை எப்படிச் சமாளித்தது? சபையில் சேரும் புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது எருசலேமில் கூடினார்கள். "மிகுந்த தர்க்கம் நடந்தபின்பு" பேதுரு எழுந்தார் என்கிறது அப்போஸ்தலர் 15. பவுலும் பர்னபாவும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். யாக்கோபு கடைசியில் பேசினார். அதன்பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று கடிதம் எழுதினார்கள். தர்க்கத்தை அவர்கள் ஆவியானவருக்கு விரோதமாக எண்ணவில்லை. மூன்று அதிகாரம் தள்ளிப் பாருங்கள்: வேதத்தில் வல்லவரான அப்பொல்லோவின் போதனையில் இருந்த குறையைத் திருத்தியவர்கள் கூடாரம் செய்யும் தம்பதியர், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும். அன்று பிரிஸ்கில்லாளின் வாயை அடைத்திருந்தால் பிழைதான் பிழைத்திருக்கும்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகக் கோத்தார். முரண் இல்லை, திரும்பச் சொல்லல் இல்லை. சிரிய மொழிச் சபைகளில் அது நெடுங்காலம் வாசிக்கவும்பட்டது. ஆனாலும் கடைசியில் சபை அதைக் கீழே வைத்துவிட்டு, நான்கையும் நான்காகவே கையில் எடுத்தது. இயேசுவின் வருகையையே பாருங்கள்: மத்தேயுவில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், லூக்காவில் மேய்ப்பர்கள், மாற்குவில் பிறப்பே கிடையாது, யோவானில் "ஆதியிலே வார்த்தை இருந்தது." அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒரு பதில் மட்டும் சொல்லட்டும்: இந்த நான்கில் எந்த மூன்றை மூடி வைக்கலாம்?