ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் ஏன் மாறுது? நாமளே கணக்குப் போட்டுப் பாப்போம்

வணக்கம் மக்களே! கிறிஸ்துமஸ்னா டிசம்பர் 25, காலண்டரே பாக்க வேண்டாம். ஆனா ஈஸ்டர் 2024-ல மார்ச் 31, 2025-ல ஏப்ரல் 20, 2026-ல ஏப்ரல் 5. சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாமே இதைப் பிடிச்சுக்கிட்டுதான் நகருது.

ரூல் இதுதான். மார்ச் 21-லயோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்து வர்ற ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயித்துக்கிழமை வந்துட்டா அடுத்த வாரம். இயேசுவை சிலுவையில அறைஞ்சது யூதர்களோட பாஸ்கா பண்டிகை சமயத்துல, பாஸ்கா வர்றது பௌர்ணமியை ஒட்டி, அதான் இதுக்குள்ள நிலா வருது. எல்லா சபையும் ஒரே ஞாயித்துக்கிழமை கொண்டாடணும்னு 325-ல நைசியா சங்கத்துல, அதாவது ஆயர்கள் கூடின பெரிய கூட்டத்துல, முடிவு பண்ணாங்க.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. இந்தப் பௌர்ணமி வானத்துல தெரியிறது இல்ல, திருச்சபை அட்டவணையில இருக்கிறது! நிலாவுக்கு 12 மாசம்னா 354 நாள், நம்ம வருஷத்தை விட 11 நாள் கம்மி, அதனால பௌர்ணமி வருஷத்துக்கு 11 நாள் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும், 19 வருஷம் ஆனா சுத்தி பழைய தேதிக்கே வந்து நிக்கும்.

சரி, மொபைல்ல கால்குலேட்டரை எடுங்க.

[திரையில்: 2026]

2026-ஐ 19-ஆல வகுத்தா மீதி 12. அதை 11-ஆல பெருக்குங்க, 132. ஒண்ணு கழிச்சா 131. 30-ஆல வகுத்தா மீதி 11. இதை 44-ல இருந்து கழிங்க, 33. இதுதான் பௌர்ணமி வர்ற மார்ச் தேதி. மார்ச் 33-ஆம் தேதின்னு ஒண்ணு கிடையாது, 31 போக ஏப்ரல் 2. வியாழக்கிழமை, அதுவும் பெரிய வியாழன்! அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5. வந்துருச்சு பாத்தீங்களா? நாம இருக்கிற இந்த நூற்றாண்டுல 2049, 2076 தவிர மத்த வருஷங்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

இதே கணக்கை 2019-க்குப் போட்டா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கும். விடை மார்ச் 20. 21-க்கு ஒரே ஒரு நாள் முன்னாடி, அதனால அந்த நிலா செல்லாது. வானத்துல என்னவோ பௌர்ணமி மார்ச் 21 காலையில, நம்ம நேரப்படி ஏழு மணி வாக்குல வந்துச்சு, ஆனா அட்டவணை அட்டவணைதான். மார்ச் 24 வர வேண்டிய ஈஸ்டர் அடுத்த நிலாவுக்குத் தள்ளிப்போய் ஏப்ரல் 21 ஆயிருச்சு, முழுசா நாலு வாரம்!

ஆர்த்தடாக்ஸ் சபைகள்ல பெரும்பாலானவங்க இன்னும் ஜூலியன்கிற பழைய காலண்டர்லதான் கணக்குப் போடுறாங்க, அவங்க மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3, அவங்க பழைய அட்டவணையில பௌர்ணமியும் பிந்தி ஏப்ரல் 6-லதான் வருது, அதான் 2026-ல அவங்க ஈஸ்டர் ஏப்ரல் 12.

பாஸ்கா திருவிழிப்பு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாடு அன்னைக்கு, மெழுகுவர்த்தியோட கோவில் வாசல்ல நிக்கும்போது மேல பாருங்க. முழு நிலாவோ தேய்பிறையோ இருக்கும், வளர்பிறை அரை நிலா மட்டும் அன்னைக்கு வரவே வராது.