கல்லறையில படிச்ச ஒரு வார்த்தை: பிலவ்விட்

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி: beloved, அதாவது அன்புக்குரியவர்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்னைக்கு என் ஃப்ரெண்டு குடும்பத்தோட கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவளோட பாட்டி கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏத்தினோம். நாலாவது படிக்கிற அவ பொண்ணு, கல்லுல இருந்ததை எழுத்துக்கூட்டிப் படிச்சா, "பிலவ்ட் வைஃப்". ஸ்டூல் போட்டு உக்காந்திருந்த தாத்தா, "பிலவ்ட் இல்லம்மா, பி-லவ்-விட்"னு மெதுவா திருத்தினார். அவர் அதை மூணு அசையா இழுத்துச் சொன்ன விதம் எனக்குள்ள அப்படியே தங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல உச்சரிப்பு. ரெண்டுமே சரிதான், இடம்தான் வேற. 'எல்லாராலும் நேசிக்கப்பட்டார்'னு வினையா வர்றப்போ பிலவ்ட். ஒரு பேருக்கு முன்னாடி அடைமொழியா வந்தா, இல்ல 'என் அன்புக்குரியவரே'ன்னு கூப்பிட்டா, பிலவ்விட். கல்லுல 'மனைவி'க்கு முன்னாடி நிக்குது, அதனால தாத்தா சொன்னதுதான் சரி. ஒரு காலத்துல இங்கிலீஷ்ல அந்தக் கடைசி 'ஈ-டி' எல்லா இடத்துலயும் தனி அசையாத்தான் ஒலிச்சுது. பேச்சுல அது தேய்ஞ்சுபோச்சு. ஆனா சர்ச்ல சத்தமா வாசிக்கிற வார்த்தைகள்ல பழைய ஓசை நின்னுடுச்சு, ப்ளெஸ்ஸிட் மாதிரி. 1549-ல வந்த இங்கிலாந்து சர்ச்சோட ஜெபப் புத்தகத்துல கல்யாண ஆராதனையே 'டியர்லி பிலவ்விட்'னுதான் ஆரம்பிக்கும். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல, இயேசு ஞானஸ்நானம் வாங்கிக் கரையேறினதும் வானத்துல இருந்து கேக்கிற குரல் சொல்றதும் இதே வார்த்தைதான். தமிழ் வேதாகமத்துல அது 'நேசகுமாரன்'.

இப்போ வார்த்தையைப் பிரிச்சுப் பாப்போம். பின்பாதி 'லவ்', எல்லாருக்கும் தெரியும். முன்னாடி நிக்கிற அந்த 'பி' இருக்கே, அதுதான் என்னை ரொம்ப நேரம் உக்கார வெச்சுது. அது பழைய இங்கிலீஷ் முன்னொட்டு. 'சுத்தி', 'எல்லாப் பக்கமும்'னு அர்த்தம். அதுல இருந்தே 'முழுசா'ங்கிற அர்த்தமும் வந்துச்சு. கோட்டையை முற்றுகை போடுறதுக்கு 'பிசீஜ்'னு சொல்றாங்க இல்ல, அதே 'பி'. நம்ம தமிழ்லயும் பாருங்க: 'முற்று'ன்னா சூழ்றது, 'முற்று'ன்னா முழுமையாகறது. ரெண்டு மொழியும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு. அப்போ பிலவ்விட்னா, சுத்திலும் அன்பு சூழ்ந்த ஆள். எனக்கு அந்தக் கல்லறையைச் சுத்தி நின்ன குடும்பம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

'லவ்'வோட வேர் இன்னும் பழசு. ஜெர்மன்ல 'லீப'ன்னா அன்பு, அதே வேர். சமஸ்கிருதத்துல 'லுப்', அதாவது ஆசைப்படறது, அதுவும் அதே வேர். அதுல இருந்து லோபம், அது தமிழுக்கு வந்து லோபி. ஆமா, கஞ்சனைச் சொல்ற அதே லோபி! ஒரு வேர், ஒரு பக்கம் போய் கையை இறுக்கி மூடிக்கிட்டவனுக்குப் பேராச்சு, இன்னொரு பக்கம் போய் கல்லறையில மனைவிக்கு அடைமொழியாச்சு. இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன்.

இன்னொண்ணு. ஏறக்குறைய 800 வருஷத்துக்கு முன்னாடி 'பிலவ்'னு ஒரு வினைச்சொல்லும் இருந்துச்சு. அது செத்துப்போச்சு. இன்னைக்கு யாரும் யாரையும் 'பிலவ்' பண்ண முடியாது. மிஞ்சினது, அன்பைப் பெற்றவரைச் சொல்ற இந்த ஒரு வடிவம் மட்டும்தான். அதனாலதான் தமிழ்ல இதைக் கொண்டுவரக் கஷ்டமா இருக்கு. 'காதலி'ன்னா காதலிக்கிறவளும் அவதான், காதலிக்கப்படறவளும் அவதான். 'அன்பன்'னா, அன்பு வெச்சவனா, அன்பைப் பெற்றவனா? ரெண்டும்தான். இன்னும் நெருங்கினா நாம ஆளையே விட்டுடுவோம், 'அன்பே'ன்னு அந்த அன்பையே கூப்பிடுவோம். 'நேசிக்கப்பட்ட மனைவி'ன்னு எந்தக் கல்லுலயாவது வெட்டுவோமா? வாயில வராது.

இதையெல்லாம் நான் தேடித் தெரிஞ்சுக்கிட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அந்தக் கல்லுல இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கு, கீழ தமிழ்ல ஒரு வரி வெட்டணும்னு தாத்தாவுக்கு ஆசை. என்ன எழுதலாம்னு என்கிட்ட கேட்டிருந்தார். நான் 'அன்பு மனைவி', 'ஆருயிர்த் துணைவி'ன்னு நாலஞ்சு எழுதிக்கிட்டுப் போன வாரம் போனேன். பொறுமையாக் கேட்டார். அப்புறம் தன்னோட பழைய வேதாகமத்தை எடுத்து, உன்னதப்பாட்டு ரெண்டாம் அதிகாரத்தைத் திறந்து விரல் வெச்சுக் காட்டினார்: "என் நேசர் என்னுடையவர், நான் அவருடையவள்." இங்கிலீஷ் பைபிள்ல அந்த 'நேசர்' வர்ற இடத்துல இருக்கிறது பிலவ்விட்தான்.

ஆனா அது பொண்ணு பேசற வரி. "மேல நான் அவளைச் சொல்லிட்டேன்மா, கீழ அவ சொல்லட்டும்"னார்.

அடுத்த வாரம் கல் வெட்டறவர் வர்றார்.