றம்பொடையில் பிறந்த ராசம்மா

நேயர்களுக்கு வணக்கம். பழைய படங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இலங்கையில் நாற்பதுகள், ஐம்பதுகள், அறுபதுகளில் ஓடிய படங்களில் யாருடைய முகம் தெரிந்தது, யாருடைய பேச்சுக் கேட்டது? பல வருடமாக என் மனதைக் குடைகிற கேள்வி இது.

முதல் சிங்களப் பேசும்படம் 1947 ஜனவரியில் வந்த 'கடவுணு பொறொந்துவ'. தயாரித்தவர் எஸ். எம். நாயகம், தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சின்ஹா, வங்காளி. படம் பிடித்தது மதுரையில். நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழு மேடையில் போட்டுப் பேரெடுத்த கதை அது. கதாநாயகி ருக்மணி தேவி.

ருக்மணி தேவி என்றதும் எனக்குக் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923இல் நுவரெலியாப் பக்கம் றம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சிங்கள மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். எங்கள் அம்மம்மாவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் விளங்காது. முற்றத்தில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். ரேடியோவில் ருக்மணியின் குரல் வந்தால் சுளகு அப்படியே மடியில் நின்றுவிடும். "உது ஆற்ற பிள்ளை?" என்று கேட்பார். ராசம்மா என்று மாமா சொன்னபோது முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, வீட்டுக்கு வருகிற எல்லோரையும் பிடித்து இருத்தி, "எங்கட ராசம்மா பாடுறாள், கேளுங்கோ" என்பார்.

அப்புறம் பாருங்கள். சிலோன் தியேட்டர்ஸ் என்ற படக் கம்பனியை 1928இல் தொடங்கியவர் சிற்றம்பலம் கார்டினர். சினிமாஸ் என்ற இன்னொரு படக் கம்பனியை நடத்தியவர் கே. குணரத்தினம். காசு போட்டவர்களில் தமிழர், பாடி நடித்தவர் ராசம்மா. திரையில் மட்டும் இலங்கைத் தமிழரின் வாழ்க்கை இல்லை! மெட்ராஸ் படங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்போது இங்கே தமிழ்ப் படம் எடுத்தால் போட்ட காசு திரும்புமா என்ற பயம்தான் பெரிய காரணம். வன்னியில் இருந்து படம் பார்க்கப் போன சனம் தஞ்சாவூர் வயலைப் பார்த்தது, சென்னைப் பேச்சைக் கேட்டது. எங்கள் குளமும் இல்லை, நாங்கள் கதைக்கிற கதையும் இல்லை. அந்தப் படங்களை நானும் உயிராகப் பார்த்தவன்தான். ஆனாலும் இது பெரிய இழப்பு.

சிங்களக் கிராமத்துக்கு 1956இல் ஒரு விடிவு வந்தது. இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவை ஸ்ரூடியோவுக்கு வெளியே, உண்மையான ஊருக்குள் கொண்டுபோனார். நமக்கு? 1962இல்தான் 'சமுதாயம்' என்ற தமிழ்ப் படம், அதுவும் 16 மில்லிமீட்டர் என்ற சின்னப் படச்சுருளில். இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். 1963இல் கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி', மலையகத் தோட்டத்துக் கதை. கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருடைய பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள். அவர்களுடைய வாழ்க்கையை ஒரு படம் நடுவில் வைத்தது என்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று தம்பி கை காட்டுகிறார். 'குத்துவிளக்கு' படம் பற்றி நிறையக் குறித்து வந்தேன். சரி, இவ்வளவாவது சொல்லிவிடுகிறேன்: 1972இல் வந்தது, கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்தது, யாழ்ப்பாணத்துப் பேச்சைத் திரையில் கேட்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எந்தத் தியேட்டரில் என்ன படம் பார்த்தார்கள், எப்படிப் போனார்கள் என்று கேட்டு, இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வணக்கம்.