தனுஷ்கோடி முத்திரையும் திருவாங்கூர்ச் சங்கும்

(கீழக்கரையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என்னை அறிமுகம் செய்த தம்பி, தபால்தலை சேகரிப்பைப் ‘பொழுதுபோக்குகளின் அரசன்’ என்றார். எல்லா மேடையிலும் இதைச் சொல்வார்கள். நம் வீட்டில் நடக்கிற விஷயத்துக்கு ராஜா பட்டம் எதற்கு? ஒரு கிண்ணம் தண்ணீர், கொஞ்சம் பழைய உறைகள், ஒரு பூதக்கண்ணாடி, அப்புறம் வீட்டில் இருப்பவர்களின் பொறுமை. இவ்வளவுதான் இதற்கு வேண்டும். 1840-இல் லண்டனில் முதல் தபால்தலை வந்ததும், 1852-இல் சிந்து மாகாணத்தில் ஆசியாவின் முதல் தபால்தலை வந்ததும் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் அங்கே படித்துக்கொள்ளட்டும். நான் நம் கடற்கரைச் சமாச்சாரத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆல்பத்தைத் திறந்ததுமே எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: “இது எவ்வளவு போகும்?” பெரும்பாலும் ஒன்றும் போகாது. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் படத்தோடு நான்கு தலைகள் வெளியிட்டார்கள். அதில் பத்து ரூபாய்த் தலைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் பத்து ரூபாய்க்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போட்டவர் யார்? நம் வீட்டுப் பெட்டியில் இருப்பது ஒன்றரை அணாத் தலைதான். என்னிடமும் அதுதான் இருக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். உறையிலிருந்து தலையைப் பிய்க்கக் கூடாது. சுற்றிலும் ஒரு விரல் அகலம் காகிதம் விட்டு வெட்டி, கிண்ணத் தண்ணீரில் மிதக்க விடவேண்டும். கால் மணி நேரத்தில் பசை இளகிவிடும். அப்போது விரலால் மெல்லத் தள்ளினால் தலை காகிதத்தை விட்டு நழுவி வரும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் எதுவென்று கேட்டால் அந்த நழுவலைத்தான் சொல்வேன். முதுகில் மிச்சமிருக்கும் வழவழப்பை விரல் நுனியால் தடவிக் கழுவிவிட்டு, வெள்ளைத் தாளில் குப்புறப் போடவேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். காயும்போது சுருட்டிக்கொள்ளும், பயப்படாதீர்கள். ஒரு தடிமனான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்தால் நிமிர்ந்துவிடும். சிவப்பு, பழுப்பு உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் சாயம் இறங்கி எல்லாத் தலையும் ஒரே நிறமாகிவிடும். இப்போது வருகிற ஸ்டிக்கர் வகைத் தலைகள் தண்ணீருக்குப் பெரும்பாலும் மசியாது. அவற்றைக் காகிதத்தோடு சேர்த்து வெட்டி வைப்பதுதான் வழி.

கிண்ணத்தில் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். போர்வெல் தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீரில் ஊறி உலர்ந்த தலையில் வெள்ளையாகப் பூத்துவிடும். குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும். தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த நம் ராமநாதபுரம் மாவட்டத்தில், குடத்து நல்ல தண்ணீரை மொண்டு வந்து ஸ்டாம்பை ஊறவைக்கிறேன் என்றால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு திட்டு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கீழக்கரைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் காசு கொடுத்து வெளிநாட்டுத் தலை வாங்குவார்கள். இங்கே அது வாப்பா எழுதிய கடிதத்தில், மாமா அனுப்பிய உறையில் தானாக வந்து சேர்ந்தது. கொழும்புக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். 1972 மே மாதம் வரை சிலோன், அதற்குப் பிறகு ஸ்ரீலங்கா. தலையில் ‘இலங்கை’ என்று தமிழிலும் அச்சிட்டிருக்கும். வேறு நாட்டுத் தபால்தலையில் நம் எழுத்தைப் பார்க்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கு வரும் ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வளைகுடாப் பக்கம் வேறு கதை. துபாயில் 1909-இல் திறந்த தபால் நிலையம் இந்திய அஞ்சல் துறையின் கீழ் இருந்தது. 1947 வரை அங்கே ஓடியது நம் தபால்தலைதான். பஹ்ரைன், குவைத்தில் இந்தியத் தலையின் மேலேயே அந்த ஊர்ப் பெயரை அச்சிட்டு விற்றார்கள். 1960-களில் எல்லாம் மாறிப்போனது. அஜ்மான், ஷார்ஜா, புஜைரா, ராஸ் அல் கைமா, உம் அல் குவைன் எல்லாம் தனித்தனி அமீரகங்களாக இருந்தபோது, விண்வெளி வீரர், ஒலிம்பிக், ஐரோப்பிய ஓவியம், பூனைக்குட்டி என்று வண்ண வண்ணமாகத் தலைகளை அடித்துத் தள்ளினார்கள். அவற்றில் மிகப் பலவும் கடிதத்தைப் பார்த்ததே இல்லை. சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே அச்சகத்தில் முத்திரையும் போட்டு வந்தவை. பெரிய சேகரிப்பாளர்கள் இவற்றைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவற்றைப் பிடிக்கும். பாலைவனத்து ஊர்ப் பெயரில் நிலாவில் நிற்கும் மனிதன் படம்! பிள்ளைகள் அதிலிருந்து தொடங்கினால் தப்பே இல்லை.

இவ்வளவு நேரம் தண்ணீரில் போடச் சொன்னவன் இப்போது கத்தரிக்கோலை மூடச் சொல்கிறேன். தபால்தலையை நாசிக் அச்சகம் லட்சக்கணக்கில் அடித்தது. உங்களிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் இருக்கும். உறையின் மேல் விழுந்த முத்திரை அப்படியில்லை. அது ஒரு ஊரில், ஒரு நாளில், ஒருவர் கையால் ஒரே ஒரு தடவை அடித்தது. பாம்பன், தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி என்று நம் கடற்கரை ஊர்களின் முத்திரையை நாம் எடுத்து வைக்காவிட்டால் டெல்லிக்காரரா வைப்பார்? அதனால் என் கணக்கு இது. கடையில் பாக்கெட்டாக வாங்கியது, கம்பெனிக் கடிதத்தில் வந்தது எல்லாம் கிண்ணத்துக்குப் போகலாம். ஊர் முத்திரை தெளிவாக உள்ள பழைய கார்டும் உறையும் அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கும் கடிதம் குடும்பத்துச் சொத்து, அதை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. வெளியுறை போதும்.

அந்த முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதே தனிப் பொழுதுபோக்கு. வட்டத்தின் மேல் பக்கம் ஊர்ப் பெயர், நடுவில் தேதி. பழைய கார்டுகளில் ராமநாதபுரம் என்பது ராம்நாட் என்று ஆங்கிலத்தில் இருக்கும். 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையவற்றில் 623 என்று தொடங்கும் பின்கோடும் சேர்ந்துகொள்ளும். போட்ட ஊர் முத்திரையோடு, வந்து சேர்ந்த ஊர் முத்திரையும் பல கார்டுகளில் உண்டு. இரண்டு தேதியையும் கழித்துப் பார்த்தால் அந்தக் காலத்துத் தபாலின் வேகம் தெரிந்துவிடும். சிலவற்றில் அது நம் காலத்தைத் தலைகுனிய வைக்கும், அதை இங்கே பேச வேண்டாம். 1971 கடைசியில் போட்ட கடிதமாக இருந்தால், வழக்கமான தலைக்குப் பக்கத்தில் ஐந்து பைசாவுக்குச் சின்னதாக இன்னொரு தலை ஒட்டியிருக்கும். கிழக்கு வங்காளத்திலிருந்து, அதாவது இன்றைய வங்காளதேசத்திலிருந்து, வந்த அகதிகளுக்கான நிவாரண வரி அது. மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஐந்து பைசாத் தலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முத்திரைகளில் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வைத்திருப்பது தனுஷ்கோடி முத்திரைதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கே கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் மறுபடி ரயில், அப்புறம் கொழும்பு. ஆட்கள் போன அதே வழியில் தபால் பைகளும் போயின. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. அதன் பிறகு அந்த ஊரே இல்லை. தபால் நிலையத்தின் இடிந்த சுவர் முன்னால் இன்று சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு சாதாரணப் போஸ்ட் கார்டு. முத்திரையில் மை ஒரு பக்கம் அப்பி, மறுபக்கம் மங்கி, ஊர்ப் பெயரின் பாதி எழுத்துதான் தெரிகிறது. ஏதோ சரக்கு வந்து சேர்ந்ததா என்று ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைக் கேட்கிறார். அவ்வளவுதான் செய்தி. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இதைவிடத் தெளிவான முத்திரை இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

பழையது கிடைக்காதவர்கள் புதிதாகவே உண்டாக்கலாம். போஸ்ட் கார்டு ஐம்பது காசுதான். பஸ் ஏறி உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், வாலிநோக்கம், சாயல்குடி என்று போகிற ஊரிலெல்லாம் உங்கள் முகவரிக்கே ஒரு கார்டு போடுங்கள். பெட்டியில் போடாமல் உள்ளே போய், “அண்ணே, முத்திரை கொஞ்சம் தெளிவா விழட்டும்” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பலர் சந்தோஷமாக மைப்பெட்டியில் நன்றாக ஒற்றி, முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் அடித்துப் பார்த்துவிட்டு அடித்துத் தருவார்கள். முழு வட்டமும் தலைமேல் நேராக விழுந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும்.

நம் மாவட்டத்துக்கென்று ஆல்பத்தில் தனிப் பக்கம் போடலாம். 2007-இல் இந்தியாவின் பெரிய பாலங்கள் வரிசையில் பாம்பன் பாலம் வந்தது. அப்துல் கலாம் தலை அவர் மறைந்த ஆண்டிலேயே, பிறந்த நாளான 2015 அக்டோபர் 15-இல் வந்தது. முத்துராமலிங்கத் தேவருக்கு 1995-இல், இமானுவேல் சேகரனுக்கு 2010-இல் வந்தவை என் ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. 1963-இல் வந்த விவேகானந்தர் தலையையும் அங்கேதான் வைத்திருக்கிறேன். அவர் 1897 ஜனவரியில் மேலை நாட்டுப் பயணம் முடித்துத் தாய்மண்ணில் கால் வைத்தது பாம்பனில், வரவேற்றவர் நம் சேதுபதி மன்னர். சேர்க்க உரிமை இருக்கிறதா இல்லையா? ஆல்பம் நம்முடையது, யாரும் கேட்க முடியாது.

அதே உரிமையில்தான் திருவாங்கூரையும் சேர்த்தேன். அந்த சமஸ்தானம் ‘அஞ்சல்’ என்று தனித் தபால் நடத்தியது. 1888-இல் முதல் தலையை வெளியிட்டபோது ராஜா முகத்தைப் போடவில்லை, சங்கைப் போட்டார்கள். விலை, சக்கரம் என்ற அந்த சமஸ்தானத்துக் காசுக் கணக்கில். சின்னத் தலை, நடுவில் சங்கு, அவ்வளவுதான் அலங்காரம். பிற்காலத்துத் தலைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காகிதத்துக்குள்ளேயே நீரெழுத்தாக இன்னொரு சங்கு தெரியும். சங்கு குளிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்தக் கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போனது. அந்தத் தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் என் ஆல்பத்தை வாங்கி, தலையைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இது படம் போட்டவன் சங்கைக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் நிபுணர் கருத்து எனக்குத் தேவைப்படவில்லை. இவற்றில் சாதாரண வகைகள் இன்றும் மலிவாகக் கிடைக்கும்.

கடைசியாக, கடல் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறினால், புதுத் தலைகளின் பசை இளகி ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலையின் பல் பல்லான ஓரத்தில் துரு மாதிரிப் பழுப்புப் புள்ளி விழும். விழுந்த புள்ளி போகாது, பக்கத்துத் தலைக்கும் பரவும், புள்ளி விழுந்த தலையை உடனே பிரித்துவிடுங்கள். ஆல்பங்களைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். கடலைப் பார்த்த சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் ஆல்பம் பக்கத்தில் வையுங்கள். பங்குனி, சித்திரையில் நிழலில் பக்கம் பக்கமாகத் திறந்து காற்று காட்டுங்கள். 2006-இல் சந்தன வாசனையோடு ஒரு தலை விட்டார்கள், பதினைந்து ரூபாய். என்னிடம் உள்ளதில் இப்போது பாச்சை உருண்டை வாசனைதான் வருகிறது. 2008-இல் வந்த மல்லிகைத் தலையைத் தனி உறையில் போட்டு வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

வெளியே மேசையில் என்னிடம் இரண்டு மூன்றாக இருக்கும் தலைகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆளுக்குப் பத்து எடுத்துக்கொள்ளலாம். கையால் எடுக்காதீர்கள், தட்டை முனை ட்வீசர் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து பழைய உறைகளைக் கொண்டுவந்திருக்கும் பெரியவர்கள் இடது பக்க நாற்காலிக்கு வாருங்கள், முத்திரைகளைச் சேர்ந்து பார்ப்போம். டீ டம்ளரை மட்டும் இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.