சிரிப்பைக் கெடுப்பது பணம்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். பெரிய பட்ஜெட் நகைச்சுவைப் படங்களில் டைமிங் தவறிப்போகக் காரணம் எழுத்தா, பணமா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் எழுத்துதான் என்றார். வசனம் சரியாக இருந்தால் எத்தனை கோடி போட்டாலும் சிரிப்பு வரும் என்றார். நான் மறுக்கிறேன்.

1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை இந்த அரங்கில் பார்க்காதவர் இருக்க மாட்டார். எல்லாச் சத்தமும் செல்லப்பாவாக நடித்த நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. ஆனால் நம் கண் யார்மேல் இருக்கிறது? அப்பாவாக நடித்த பாலையாமேல். நாகேஷ் ஒரு சத்தம் கொடுத்து நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்துக்குள் பாலையாவின் கண் மிரள்கிறது. அது மிரண்டு முடிந்த பிறகுதான் அடுத்த சத்தம். கொஞ்சம் முந்தியிருந்தால் அந்த முகத்தை நாம் பார்த்திருக்க மாட்டோம். கொஞ்சம் பிந்தியிருந்தால் பயம் ஆறிப்போயிருக்கும். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்கிற தூரத்தில் இருந்ததால் அமைந்த அளவு அது. அங்கே பேயே கிடையாது, நடுவர் அவர்களே! கையில் பணம் இருந்தால் முதலில் அந்தப் பேயைத்தான் காட்டத் தோன்றும்.

காட்டினால் என்ன ஆகும்? நடிகர் கிரீன் மேட் என்ற பச்சைத் திரை முன்னால் நின்று, பேய்க்குப் பதிலாகக் குச்சியில் செருகிய பந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும். பேய் எந்த நொடியில் திரும்பும் என்பதைப் பல மாதம் கழித்துக் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார். சரி, எடிட்டிங்கில் சரிசெய்யலாமே என்பீர்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். இரண்டு பேர் பேசும் காட்சியில் எடிட்டர் ஆறு ஃபிரேமை வெட்டிப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் திரும்பச் சேர்ப்பார். கிராஃபிக்ஸ் ஷாட்டில் கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி வேலை, தனிச் செலவு. அதனால் சிரிப்புக்கு எது அளவு என்று தெரியும் முன்பே ஷாட்டின் நீளம் முடிவாகிவிடுகிறது. அப்புறம் கால்ஷீட். பெரிய நட்சத்திரங்கள் இருவரின் தேதி ஒத்துவராவிட்டால் ஒருவர் டூப்பின் முதுகைப் பார்த்துப் பேசுவார். மற்றவரின் ரியாக்‌ஷனை இன்னொரு நாள் எடுப்பார்கள். நாகேஷையும் பாலையாவையும் அப்படிப் பிரித்து எடுத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

எதிரணி நண்பர், ஹாலிவுட் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ படத்தைச் சொன்னார். 1926இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நிஜ ரயில் எஞ்சினை எரியும் பாலத்தோடு ஆற்றில் விழவைத்து, ஒரே டேக்கில் எடுத்தார்கள். பெருஞ்செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். பாலம் தாங்கும், போ என்று உத்தரவிட்ட அதிகாரி நிற்கிறார். எஞ்சின் விழுகிறது. அடுத்து, அவர் முகம். அவ்வளவு செலவும் அந்த முகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அது கீட்டன் தன் இஷ்டப்படி வேலை செய்த காலம். 1928இல் எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டூடியோவுக்குள் போனார்; படத்தின் பிடி அவர் கையைவிட்டுப் போனது, அந்தப் பழைய கீட்டனும் நமக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

கடைசியாக, ஹாலிவுட் இயக்குநர் ஸ்பீல்பெர்க். 1979இல் ‘1941’ என்ற நகைச்சுவைப் படம் எடுத்தார். சுமார் 3.5 கோடி டாலர். ராட்சத ராட்டினம் உருண்டு கடலில் விழுகிறது, ஒரு வீடே சரிவில் இறங்குகிறது. பார்க்கப் பிரமிப்பு, சிரிக்க இடைவெளி இல்லை. மறுவருடமே ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குச் செலவில் ‘ஏர்ப்ளேன்!’ என்ற நகைச்சுவைப் படம் வந்தது. முகத்தில் சலனமே இல்லாமல் அபத்தம் பேசும் லெஸ்லி நீல்சனைப் பார்த்து இன்றும் சிரிக்கிறோம்.

‘1941’க்குத் திரைக்கதை எழுதியவர்கள் யார் தெரியுமா? ராபர்ட் ஜெமெக்கிஸும் பாப் கேலும். 1985இல் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ எழுதிய அதே இருவர். அதில் காலம் தாண்டி 1955க்கு வந்த பையனிடம், 1985இல் அதிபர் யார் என்று விஞ்ஞானி கேட்கிறார். “ரொனால்ட் ரீகன்.” “அந்த நடிகரா?” 1955இல் ரீகன் சினிமா நடிகர்தானே! இரண்டு பேர், ஒரு கேள்வி, தியேட்டரே சிரித்தது. எழுத்துதான் காரணம் என்றால், இவர்கள் எழுதிய ‘1941’ ஏன் சிரிக்க வைக்கவில்லை? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.