ஜூஸ் 118 மில்லிதான், சோடாவுக்கு எல்லையே இல்லை: நியூயார்க் டேகேர் விதிகளின் கதை

[திரையில்: சின்ன பேப்பர் கப், அடியில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ்]

இந்தக் கப்பில் இருப்பது 4 அவுன்ஸ் ஆப்பிள் ஜூஸ். நம் கணக்கில் 118 மில்லி. நியூயார்க் நகரம் பர்மிட் கொடுத்து நடக்கும் டேகேர் சென்டரில், ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் இதற்கு மேல் ஜூஸ் கொடுத்தால் அது விதிமீறல். அதுவும் கலப்பில்லாத பழச்சாறாக இருக்க வேண்டும். சர்க்கரை போட்ட பானம் என்றால் ஒரு சொட்டுகூடக் கூடாது. இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு அந்தப் பழச்சாறும் கிடையாது.

அதே குழந்தையின் அப்பா அதே ஊரில் தியேட்டருக்குப் போய், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கோலாவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரலாம். யாரும் எதுவும் கேட்க முடியாது. நகர சுகாதார அதிகாரிகள் கேட்டுப் பார்த்தார்கள். கோர்ட் விடவில்லை.

ஆனால் அதே அதிகாரிகள், "டேகேருக்கு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட வேண்டும்" என்று சொன்னபோது, அதே கோர்ட் "தாராளமாகச் சொல்லுங்கள்" என்றது. சோடாவுக்கு முடியாது, ஊசிக்கு முடியும். எப்படி?

வணக்கம் மக்களே. குழந்தையை டேகேரில் விடுகிற எல்லாருக்கும் இந்த வீடியோ. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள், அப்புறம் மறந்துவிடும்.

[திரையில்: நியூயார்க் வரைபடம், இரண்டு நிறங்களில் புள்ளிகள்]

கொஞ்சம் போரான பகுதி ஒன்று இருக்கிறது, வேகமாக முடித்துவிடுகிறேன். நியூயார்க்கில் டேகேர் இரண்டு வகை. தனிக் கட்டடத்தில் சென்டராக நடப்பதற்கு நகரத்தின் சுகாதாரத் துறை பர்மிட் தருகிறது. அதற்கான விதிகள் ஹெல்த் கோட், அதாவது நகரத்தின் சுகாதார விதித்தொகுப்பின் 47-வது பிரிவில் இருக்கின்றன. ஒருவர் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், லைசென்ஸ் தருவது நகரம் இல்லை, மாநில அரசு. விதிப்புத்தகமும் மாநிலத்துடையது. ஆனால் நகரத்துக்குள் இருக்கும் வீட்டு டேகேரைச் சோதிக்கப் போகிறவர்களும் நகரத்தின் இன்ஸ்பெக்டர்கள்தான். ஒரே துறை, இரண்டு புத்தகம். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

47-வது பிரிவில் என்னவெல்லாம் இருக்கிறது? ஒரு வயதுக்குக் கீழே நான்கு குழந்தைக்கு ஒரு ஆள், ஒரு குழுவில் எட்டுக் குழந்தைக்கு மேல் கூடாது. இரண்டிலிருந்து மூன்று வயது வரை ஆறு பேருக்கு ஒரு ஆள். மூன்றிலிருந்து நான்கு வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒரு ஆள். ஒரு குழந்தைக்கு 30 சதுர அடி இடம். பிறந்து ஆறு வாரமான குழந்தையைக்கூடச் சேர்க்கலாம், ஆனால் அதை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். வேலைக்கு வருகிறவரின் கைரேகை, குழந்தைகள் மீதான கொடுமைப் புகார்ப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்ற சோதனை, மாதாமாதம் தீயணைப்பு ஒத்திகை, பழைய கட்டடத்தில் உரியும் ஈயப் பெயின்ட், ஜன்னலுக்குத் தடுப்புக் கம்பி. டிவிக்கும் கணக்கு உண்டு. 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விதிப்படி இரண்டு வயதுக்குக் கீழே டிவி அறவே கிடையாது, மற்ற குழந்தைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம். 2015-ல் அதையும் குறைத்தார்கள். நம் வீடுகளில் ஒரு வாய் சாதம் உள்ளே போவதற்கே ஒரு மணி நேரம் யூடியூப் தேவைப்படுகிறது. சரி, அதை விடுவோம்.

இந்த விதிகளை எழுதுவது யார்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

எழுதுவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நகர மன்றம் இல்லை. நகர சுகாதார வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வேர் 1866-ல், காலரா பயத்தில் ஊரே நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அமைக்கப்பட்ட வாரியம். இன்று மேயர் நியமிக்கும் டாக்டர்களும் நிபுணர்களும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் கூடி வாக்களித்தால் ஹெல்த் கோட் மாறிவிடும். அப்படி மாறுவது சட்டத்துக்குச் சமமாக நடைமுறைக்கு வரும். ஓட்டு வாங்காத ஒரு சின்னக் குழுவுக்கு இத்தனை அதிகாரம் சரியா என்று கேட்டால், எனக்கே இரண்டு மனசுதான்.

[திரையில்: பெரிய சோடா கப், மேலே சிவப்புப் பெருக்கல் குறி]

2012 மே மாதம். மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் ஓர் அறிவிப்பு விடுகிறார். ஹோட்டல், பர்கர் கடை, தியேட்டர், ஸ்டேடியம், தள்ளுவண்டி, எங்கேயும் சர்க்கரை போட்ட பானத்தை 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட கப்பில் விற்கக் கூடாது. 16 அவுன்ஸ் என்றால் சுமார் 473 மில்லி. செப்டம்பரில் சுகாதார வாரியம் அதை நிறைவேற்றிவிட்டது. ஊரே கொந்தளித்தது. "எங்களுக்கு ஆயாம்மா தேவையில்லை" என்பதுதான் எதிர்ப்பாளர்களின் வாதம். மேயருக்கு ஆயாம்மா வேஷம் போட்டுப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே வந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஓட்டைகள்தான். பர்கர் கடைக்கு இந்த விதி உண்டு. பக்கத்திலேயே இருக்கும் செவன் இலெவன் என்ற சில்லறைக் கடைக்குக் கிடையாது. ஏன்? அந்த மாதிரிக் கடைகள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் வருகின்றன, நகரம் அங்கே கைவைக்கவில்லை. அமெரிக்காவிலேயே ராட்சத கப்புக்குப் பேர்போன கடைதான் தப்பித்தது! பாதிக்கு மேல் பால் இருந்தால் விதி இல்லை, ஆகவே மில்க் ஷேக் எந்த அளவிலும் வரலாம். பீருக்கு விதி இல்லை. சின்னக் கப் வாங்கி மறுபடி நிரப்பிக்கொள்ளத் தடையில்லை. இரண்டு கப்பாக வாங்கி இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ளவும் தடையில்லை. கல்யாணப் பந்தியில் இந்த வரிசைக்கு மட்டும் இரண்டாவது கரண்டி பாயசம் கிடையாது, எதிர் வரிசைக்கு எத்தனை கரண்டியும் உண்டு என்றால் எப்படி இருக்கும்? இந்த வரிசையில் உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா?

இருக்கவில்லை. பானக் கம்பெனிகளின் சங்கமும் மற்ற வியாபாரச் சங்கங்களும் கோர்ட்டுக்குப் போயின. 2013 மார்ச் 12-ல் விதி அமலுக்கு வர வேண்டும், 11-ஆம் தேதியே நீதிபதி நிறுத்திவிட்டார். வழக்கு மேலே மேலே போய், 2014 ஜூனில் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்தில் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் முடிந்தது. சாரம் இதுதான்: மக்கள் எதைக் குடிக்கலாம், வியாபாரிக்கு எவ்வளவு நஷ்டம் வரலாம், யாருக்கு விலக்கு தரலாம் என்று தராசில் போட்டுப் பார்ப்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வேலை. வாரியம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. 1987-லேயே புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்தப் போன ஒரு மாநில சுகாதாரக் குழுவை இதே காரணம் சொல்லி இதே நீதிமன்றம் தடுத்திருந்தது. அந்தத் தீர்ப்பைத்தான் இங்கேயும் அளவுகோலாக வைத்தார்கள்.

[திரையில்: ஊசி, பக்கத்தில் கரடி பொம்மை]

இப்போது ஊசி. 2013 டிசம்பர், ப்ளூம்பெர்க் பதவியில் இருந்த கடைசி மாதம். சோடா வழக்கு இன்னும் முடியவில்லை. அந்த நிலையிலும் வாரியம் இன்னொரு விதியைப் போடுகிறது. நகரம் அனுமதி தரும் டேகேர்களிலும் பள்ளி மழலையர் வகுப்புகளிலும் இருக்கும் 6 மாதம் முதல் 59 மாதம் வரையான குழந்தைகள், ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-க்குள் ஃப்ளூ ஊசி போட்டிருக்க வேண்டும். போடாத குழந்தையைச் சேர்த்துக்கொண்டால் அபராதம் டேகேருக்கு.

அதென்ன 6 மாதம்? அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. ஆனால் ஆறு வாரக் குழந்தை டேகேரில் இருக்கலாம் என்று முன்பே சொன்னேன் அல்லவா? அந்தக் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சுற்றி இருக்கும் வாண்டுகள் ஊசி போட்டிருக்க வேண்டும். அந்த வாண்டுகள் ஒரே பொம்மையை வரிசையாக வாயில் வைத்துக் கடிக்கும் வயது. வைரஸுக்கு அதைவிட நல்ல பஸ் சர்வீஸ் எங்கே கிடைக்கும்?

பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். வாதம் கெட்டியாகத்தான் இருந்தது. டேகேருக்குத் தேவையான தடுப்பூசிகளின் பட்டியல் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது, அதில் ஃப்ளூ இல்லை. சட்டமன்றம் சேர்க்காததை ஒரு வாரியம் எப்படிச் சேர்க்கும்? சோடா தீர்ப்பு கையிலேயே இருந்தது. 2015 டிசம்பரில் கீழ்க்கோர்ட் விதியை நிறுத்தியது. 2016-ல் அடுத்த கோர்ட்டும் அதையே சொன்னது. அபராதம் கட்டிவிட்டு ஊசி போடாத குழந்தையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் இதில் சுகாதாரம் எங்கே இருக்கிறது என்று ஒரு கொட்டும் வைத்தது.

2018 ஜூனில் உச்சபட்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டு விதியை உயிர்ப்பித்தது. அதற்குப் பெரிய காரணம், நகரச் சட்டத்தில் கிடந்த ஒரு பழைய வரி. சுகாதாரத் துறை தடுப்பூசி போடலாம், அம்மைப்பாலை, அதாவது அம்மைத் தடுப்பூசிக்கான திரவத்தைச் சேகரித்துச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், டிப்தீரியா என்ற தொண்டை நோய்க்கு எதிர்மருந்து தயாரிக்கலாம், தொற்றுநோய் பரவாமல் தடுக்க ஹெல்த் கோடில் தேவையான விதிகளைச் சேர்க்கலாம் என்று அது சொல்கிறது. அம்மைப்பால்! பெரியம்மை காலத்து வாசனை அடிக்கும் வரி. டிப்தீரியா மருந்தும் சும்மா எழுதியது இல்லை. 1890-களில் இந்த நகரத்தின் சொந்த ஆய்வகமே குதிரைகளுக்கு ஊசி போட்டு, அவற்றின் ரத்தத்திலிருந்து அந்த மருந்தை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தது. குதிரை வளர்த்து மருந்து எடுத்த துறை அது. ஊசி விஷயத்தில் அதிகாரம் அதன் கையில் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, புதிதாகப் பறித்துக்கொள்ளவில்லை என்று நீதிபதிகள் பார்த்தார்கள். சோடாவுக்கு அந்த மாதிரி ஒரு வரி எங்கேயும் கிடையாது. தவிர, நான் குடிக்கும் சோடா பக்கத்து சீட்காரரைக் குண்டாக்காது. என் இருமல் அவரைப் படுக்க வைக்கும்.

என் கட்சி? நான் கோர்ட் பக்கம். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஃப்ளூ விதி நகரம் அனுமதி தரும் இடங்களுக்கு மட்டும்தான். மாநிலம் லைசென்ஸ் தரும் வீட்டு டேகேருக்கு அது பொருந்தாது. ஜூஸ் விதியும் அப்படித்தான். செவன் இலெவன் தப்பித்த அதே எல்லைக்கோடு! கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொம்மையையும் குழந்தைகள் வாயில்தான் வைக்கின்றன. கமென்ட்டில் சண்டை போடுங்கள், படிக்கிறேன்.

ஃப்ளூ தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே தொடங்கிய 2018–19 தட்டம்மைப் பரவலில் நகரத்தில் 649 பேருக்கு நோய் வந்தது. ப்ரூக்ளினில் தடுப்பூசிப் பதிவேடு காட்டாத சில பள்ளிகளையும் மழலையர் மையங்களையும் துறை இழுத்து மூடியது.

இனி சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. 2023 செப்டம்பர் 15, நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி. ஒரு வீட்டு டேகேரில் ஃபென்டனில் என்ற போதைப்பொருள் பட்டு ஒரு வயதுக் குழந்தை இறந்தது. இன்னும் மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விளையாடும் இடத்தின் தரைக்கு அடியில், மறைவான ஒரு கதவுக்குக் கீழே அந்தச் சரக்கு இருந்தது. அந்த இடத்துக்கு மாநில லைசென்ஸ் கிடைத்தது அதே வருஷம் மே மாதம். செப்டம்பர் 6-ஆம் தேதி, சொல்லாமல் கொள்ளாமல் போய் நடத்திய சோதனையில் ஒரு விதிமீறலும் பதிவாகவில்லை. இன்ஸ்பெக்டரின் பட்டியலில் ஆள் கணக்கு இருக்கும், அவசர வழி இருக்கும், தொட்டில் இருக்கும். தரையைப் பெயர்த்துப் பார் என்று இருக்காது. இருக்க வேண்டுமா என்றால், அது இன்ஸ்பெக்டர் வேலையா போலீஸ் வேலையா என்ற கேள்வி வருகிறது. எனக்குப் போலீஸ் வேலை என்றுதான் படுகிறது.

[திரையில்: சோதனைப் பதிவுப் பக்கம்]

நியூயார்க்கில் இருப்பவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். நகர சென்டர் என்றால் 'சைல்ட் கேர் கனெக்ட்' என்ற நகரத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், சோதனைப் பதிவு வரும். வீட்டு டேகேர் என்றால் மாநிலத் துறையின் தளத்தில் தேட வேண்டும். சென்டர்களின் வாசலிலேயே ஒரு செயல்பாட்டு அட்டையும் மாட்டியிருக்க வேண்டும். ஹோட்டலுக்குப் போடுவது போல ஏ, பி, சி கிரேடு அதில் தேடாதீர்கள். நகரத்தின் சராசரியோடு ஒப்பிட்டால் அந்த சென்டர் எப்படி என்று அது காட்டும்.

நகரத் தளத்தின் பதிவில் விதிமீறல்கள் மூன்று வகையாக இருக்கும். உடனடி ஆபத்து என்றால் ஒரு நாளில் சரிசெய்ய வேண்டும். முக்கியமானது என்றால் இரண்டு வாரம். சாதாரணம் என்றால் ஒரு மாதம். பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கெல்லாம் பயந்து ஓட வேண்டாம். ஆனால் ஆள் பற்றாக்குறை என்ற ஒரே புகார் அடுத்தடுத்த சோதனையில் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அட்மிஷன் ஃபீஸ் கட்டுவதற்கு முன் நேரில் போய் அதைப் பற்றிக் கேளுங்கள். காலை நேரத்தில் போங்கள், எல்லாக் குழந்தைகளும் வந்திருக்கும். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.