ஏக்கருக்கு எத்தனை கன்று? இடைவெளிக் கணக்கும் இயற்கணிதமும்

ஒரு ஏக்கரில் தென்னை வைக்கணும், மரத்துக்கு மரம் 25 அடி, எத்தனை கன்று வாங்கலாம்? கேட்டதும் நிறைய பேர் 43,560-ஐ 25-ஆல் வகுத்து 1,742 என்று எழுதிவிடுகிறார்கள். அத்தனை தென்னை வைத்தால் தேங்காய் பறிக்க உள்ளே போகவே வழி இருக்காது!

43,560 என்பது ஒரு ஏக்கரின் பரப்பு, சதுர அடியில்; 25 வெறும் அடி. அதனால் முதலில் ஒரு மரத்துக்கு எவ்வளவு இடம் என்று எழுதுங்கள்: 25 × 25 = 625 சதுர அடி. இப்போது வகுத்தால் 69.7, அதாவது சுமார் 70 மரம். இடைவெளியைப் பாதியாக்கினால் மரம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். தேர்வில் வைக்கிற பொறி பெரும்பாலும் இதுதான்.

சரி, இப்போது x வருகிற கணக்கு.

[திரையில்: ஒரு ஏக்கர், 1,210 வாழை. வரிசைக்கு வரிசை இடைவெளி, கன்றுக்குக் கன்று இடைவெளியைவிட 5 அடி அதிகம். இரண்டும் எவ்வளவு?]

43,560 ÷ 1,210 = 36. ஒரு வாழைக்கு 36 சதுர அடி, பாதிக் கணக்கு இங்கேயே முடிந்தது. கன்றுக்குக் கன்று x என்றால் வரிசை இடைவெளி x + 5, இரண்டையும் பெருக்கினால் 36 வரணும்.

[திரையில்: x² + 5x − 36 = 0
(x + 9)(x − 4) = 0]

x = 4 அல்லது −9. மைனஸ் 9 அடியில் கன்று நட முடியாது, அதை அடித்துவிடுங்கள். கன்றுக்குக் கன்று 4 அடி, வரிசைக்கு வரிசை 9 அடி. நம் ஊரில் வழக்கமாக வைக்கிற ஆறுக்கு ஆறு அடியிலும் இதே 1,210 வாழைதான் வரும், ஏனென்றால் அதுவும் 36 சதுர அடி.

அப்புறம், வரப்பு விஷயம். அந்தத் தென்னை ஏக்கர் சரியான சதுரம் என்றால் ஒரு பக்கம் சுமார் 208.7 அடி, அதில் 25 அடி இடைவெளி 8 தடவை போகும். வரப்பை ஒட்டியே முதல் மரத்தை வைத்தால் வரிசைக்கு 9, மொத்தம் 81. சுற்றிலும் பன்னிரண்டரை அடி விட்டு ஆரம்பித்தால் வரிசைக்கு 8, மொத்தம் 64. புத்தகம் 70 என்றுதான் சொல்லும், தேர்விலும் அதையே எழுதுங்கள். ஆனால் நிஜமாகவே கன்று வாங்கப் போகிறவர் என்றால், வரப்போர மரத்தின் மட்டை பக்கத்து வயலுக்குள் நீளும் என்பதையும் யோசித்து 64 பக்கமாகவே நில்லுங்கள்.